கிறிஸ்துமஸ் சந்தைக்கு கிறிஸ்துமஸ் வாரத்துல போகாதீங்க, கடன் வாங்கியும் போகாதீங்க



நவம்பர் பிறந்தாலே நம்ம போன்ல ஒரே காட்சிதான். மரத்தால செஞ்ச சின்னச் சின்ன கடைகள், மஞ்சள் விளக்குத் தோரணம், கையில ஆவி பறக்கிற கோப்பை, பின்னாடி ஒரு பழைய தேவாலயம். ரெண்டு தடவை தள்ளினா அடுத்ததா ஒரு விளம்பரம் வரும்: இப்போ போயிட்டு வாங்க, காசை அப்புறம் மாசா மாசம் கட்டிக்கலாம்.

நானும் அந்த விளம்பரத்தைத் தொட்ட ஆள்தான். அதனால ஐரோப்பா ட்ரிப்பே வீண் செலவுன்னு நான் உபதேசம் பண்ண மாட்டேன். போகணும்னு ஆசை இருந்தா போங்க. ஆனா இந்த ட்ரிப்போட செலவைத் தீர்மானிக்கிறது ஹோட்டலும் இல்ல, ஏர்லைன்ஸும் இல்ல. ரெண்டே ரெண்டு தேதிதான். நீங்க விமானம் ஏறுற தேதி ஒண்ணு, நீங்க பணம் சேர்க்க ஆரம்பிக்கிற தேதி ஒண்ணு. நான் ரெண்டையும் தப்பா எடுத்தேன். அந்தக் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் பண்ண தப்பு

2022 டிசம்பர். எங்க ப்ராஜெக்ட்ல வருஷக் கடைசி வாரம் ஷட்டவுன். லீவு கேட்கவே வேண்டாம், மேனேஜர் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். "கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க கிறிஸ்துமஸை விட நல்ல நாள் ஏது?"ன்னு நானே முடிவு பண்ணி, 2 லட்சம் பெர்சனல் லோன் போட்டேன். 14% வட்டி, 24 மாசம், மாசம் 9,600 ரூபாய். 24-ஆம் தேதி ராத்திரி கிளம்பி 25 சாயங்காலம் ஜெர்மனியில நியூரம்பர்க் போய்ச் சேர்ந்தேன்.

பையை ரூம்ல போட்டுட்டு ஓடினேன். ஹவுப்ட்மார்க்ட்னு ஊர் நடுவுல பெரிய சதுக்கம். உலகப் புகழ்பெற்ற கிறிஸ்ட்கிண்டில்ஸ்மார்க்ட் நடக்கிற இடம் அதுதான். அங்க ஒரு கடை கூட திறந்து இல்ல. விளக்கு இல்ல, கூட்டம் இல்ல. சந்தை முந்தின நாள் மதியம் 2 மணிக்கே முடிஞ்சிருச்சு. சதுக்கத்துல என்னை மாதிரியே தப்பா வந்த நாலஞ்சு பேர் போன்ல மேப்பைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. ஜெர்மனியில 25, 26 ரெண்டு நாளும் அரசு விடுமுறை. சூப்பர் மார்க்கெட் கூட பூட்டு. ரயில் நிலையத்துல திறந்திருந்த கடைதான் ரெண்டு நாளும் எனக்கு சோறு போட்டுச்சு.

அப்புறம் ப்ராக் போனேன், அங்க சந்தை இருந்துச்சு, பார்த்தேன், போட்டோ எடுத்தேன். ட்ரிப் மோசம்னு சொல்ல முடியாது. மோசம் ஆறு மாசம் கழிச்சு வந்தது.

2023 ஜூன்ல அப்பாவுக்கு கண்புரை ஆபரேஷன். இன்ஷூரன்ஸ் போக 38,000 ரூபாய் கையில இருந்து கட்டணும். என் அக்கவுண்ட்ல அன்னைக்கு இருந்தது 11,000. இஎம்ஐ போன மறுநாள் அது. அப்பதான் முதல் வேலைக்குச் சேர்ந்திருந்த என் தம்பி, ஒரு வார்த்தை பேசாம கட்டினான். வீட்டுல யாரும் என்னை எதுவும் கேட்கல. கேட்டிருந்தா கூட கொஞ்சம் நல்லா இருந்திருக்கும். அதுக்கப்புறமும் ஒன்றரை வருஷம், ஒவ்வொரு மாசமும் அஞ்சாம் தேதி 9,600 போயிட்டே இருந்துச்சு.

சந்தை ஏன் 24-ஆம் தேதியே முடியுது?

இதுல ஒரு அடிப்படை விஷயம் நம்ம பல பேருக்குத் தெரியாது. இந்தச் சந்தைகள் கிறிஸ்துமஸைக் கொண்டாடுற இடம் இல்ல, கிறிஸ்துமஸுக்குத் தயாராகுற இடம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறுகளை ஒட்டின காலத்தை அட்வெண்ட்னு சொல்வாங்க. அந்த வாரங்கள்ல பரிசு, அலங்காரப் பொருள், இனிப்பு வாங்கத்தான் சந்தை. 24 சாயங்காலம் ஆச்சுன்னா எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க. குடும்பத்தோட இருக்கிற ராத்திரி அது.

நம்ம ஊர்ல யோசிச்சுப் பாருங்க. தீபாவளி பர்ச்சேஸ் கூட்டத்தைப் பார்க்கணும்னு ஒருத்தர் வெளிநாட்டுல இருந்து தீபாவளிக்கு மறுநாள் ரங்கநாதன் தெருவுக்கு வந்து நின்னா எப்படி இருக்கும்? நான் நியூரம்பர்க்ல நின்னது அப்படித்தான்.

ஊருக்கு ஊர் தேதி மாறும். பொதுவா இப்படி:

• நியூரம்பர்க்: முதல் அட்வெண்ட் ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆரம்பம், டிசம்பர் 24 முடிவு.
• டிரெஸ்டன்: இங்க நடக்கிற ஸ்ட்ரீட்செல்மார்க்ட் 1434-ல ஆரம்பிச்சது. இதுவும் 24-ஆம் தேதியோட முடியும்.
• கொலோன்: தேவாலயத்துக்குப் பக்கத்துல நடக்கிற சந்தை 23-ஆம் தேதியே முடிஞ்சிடும்.
• வியன்னா: ராட்ஹவுஸ் எனும் நகர மன்றத்துக்கு முன்னாடி நடக்கிற சந்தை நவம்பர் நடுவுலயே ஆரம்பிச்சு டிசம்பர் 26 வரைக்கும் போகும்.
• ப்ராக்: நவம்பர் கடைசியில இருந்து ஜனவரி 6 வரைக்கும்.

ஆக, கடைசி வாரத்துல மட்டும்தான் லீவு கிடைக்கும்னா ப்ராக் மாதிரி ஊர்களை மட்டும் வெச்சு ப்ளான் பண்ணுங்க. ஆனா அந்த வாரத்துக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. அரையாண்டுத் தேர்வு லீவு, ஆபீஸ் ஷட்டவுன், புத்தாண்டு, மூணும் ஒண்ணா விழுது. எல்லாரும் ஒரே நேரத்துல கேட்டா டிக்கெட் விலை ஏறத்தான் செய்யும். நான் சொல்றதை நம்ப வேண்டாம். ஏதாவது ஒரு டிக்கெட் ஆப்ல டிசம்பர் 23 கிளம்புற மாதிரி ஒண்ணு, நவம்பர் கடைசி வாரம் கிளம்புற மாதிரி ஒண்ணு போட்டு நீங்களே பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

அப்போ எந்த வாரம்?

என் ஓட்டு முதல் அட்வெண்ட் வாரத்துக்கு. 2026-ல அந்த ஞாயிறு நவம்பர் 29, 2027-ல நவம்பர் 28. ஐ.டி.யில அமெரிக்க கிளையண்ட்டுக்கு வேலை பார்க்கிறவங்களுக்கு இதுல ஒரு வசதி. நவம்பர் நாலாவது வியாழன் அவங்களுக்கு தேங்க்ஸ்கிவிங். மறுநாள் வெள்ளியும் பாதி பேர் வரமாட்டாங்க. மெயில் ஓயுற நேரம் அது. டிசம்பர் கடைசி வாரத்துக்கு டீம்ல எட்டு பேர் லீவு கேட்பாங்க, இந்த வாரத்துக்கு யாரும் கேட்க மாட்டாங்க.

எட்டு ராத்திரிக்கு மூணு ஊர் போதும். புதன் ராத்திரி கிளம்பி வியாழன் வியன்னா. வியாழன், வெள்ளி, சனி அங்க. ஞாயிறு ரயில்ல ப்ராக், சுமார் 4 மணி நேரம். ஞாயிறு, திங்கள், செவ்வாய் அங்க தங்கிட்டு, நடுவுல ஒரு நாள் டிரெஸ்டன் போயிட்டு வரலாம், ரயில்ல ரெண்டரை மணி நேரத்துக்குள்ளதான். புதன் பஸ்ல நியூரம்பர்க், ரெண்டு ராத்திரி. வெள்ளிக்கிழமை பிராங்ஃபர்ட் போய் விமானம் ஏறினா சனிக்கிழமை வீடு, ஞாயிறு ரெஸ்ட். மொத்தம் ஏழு நாள் லீவு.

இந்த வரிசையில ஒரு கணக்கு இருக்கு. சந்தைக்குப் பேர்போன சின்ன ஊர்கள்ல வார இறுதியிலதான் ரூம் வாடகை எகிறும். அதனால நியூரம்பர்க்கை வாரநாள்ல வெச்சேன். அப்பவும் விலை அதிகம்னா பக்கத்து ஊரான ஃபூர்த்ல தங்குங்க, மெட்ரோவே இருக்கு. பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பூர்க் போறவங்களும் இதே மாதிரி ஆத்துக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியில இருக்கிற கேல்ல தங்கி டிராம்ல வரலாம்.

ஒரே வாரத்துல ஏழு ஊர்னு போடுற பேக்கேஜ்களைப் பார்த்து ஏமாறாதீங்க. டிசம்பர்ல அங்க சாயங்காலம் 4 மணிக்கே சூரியன் மறைஞ்சிடும். பகல் எட்டு மணி நேரம்தான். அதையும் பஸ்ல உட்கார்ந்து கழிச்சா என்ன மிச்சம்?

எவ்வளவு ஆகும்?

ரெண்டு பேர் ஒரு ரூம்ல தங்குறாங்கன்னு வெச்சு, ஒருத்தருக்கு நான் போடுற கணக்கு இது. யூரோவுக்கு 110 ரூபாய்னு எடுத்திருக்கேன். போற நேரத்துல அதை விடக் கம்மியா இருந்தா நமக்கு லாபம்.

• விமான டிக்கெட்: 60,000
• விசா, சர்வீஸ் சார்ஜ், இன்ஷூரன்ஸ்: 15,000
• தங்க, ஒரு ராத்திரிக்கு 50 யூரோ வீதம் 8 ராத்திரி: 44,000
• ரயில், பஸ், உள்ளூர் போக்குவரத்து 150 யூரோ: 16,500
• சாப்பாடு, ஒரு நாளைக்கு 35 யூரோ: 30,800
• சந்தையில செலவு, நுழைவுக் கட்டணம் 120 யூரோ: 13,200
• குளிர் துணி: 10,000
• சிம், கார்டு சார்ஜ்: 5,000

கூட்டினா 1,94,500. எதிர்பாராத செலவுக்கு ஒரு 20,000 சேர்த்தா 2,14,500. இந்தத் தொகையை அப்படியே எடுத்துக்காதீங்க. இதே எட்டு வரியையும் ஒரு ஷீட்ல போட்டு, உங்க தேதிக்கு உங்க விலையை நீங்களே நிரப்புங்க.

குளிர் துணி விஷயத்துல ஒரு சின்ன யோசனை. ஒவ்வொரு ஆபீஸ்லயும் ஆன்சைட் போயிட்டு வந்த ஒருத்தர் வீட்டு அலமாரியில ஒரு நல்ல ஜாக்கெட் தூங்கிக்கிட்டு இருக்கும். கேளுங்க, தருவாங்க. உள்ள போடுற தெர்மலும் தண்ணி புகாத ஷூவும் மட்டும் சொந்தமா வாங்குங்க. வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கிற ஊர்ல ராத்திரி மூணு மணி நேரம் கல்தரையில நிக்கப் போறீங்க. கால் ஈரமாச்சுன்னா அன்னைக்கு சந்தை அவ்வளவுதான்.

ஒரே 9,600, ரெண்டு வழி

இப்ப இரண்டாவது தேதிக்கு வருவோம்.

வழி ஒண்ணு: நான் பண்ணது. 2 லட்சம் கடன், 14%, 24 மாசம். மாசம் சுமார் 9,600. மொத்தமா கட்டுறது 2,30,000-க்கு மேல. ப்ராசஸிங் ஃபீஸ் 2%, அதுக்கு ஜிஎஸ்டி, அது ஒரு 4,720. ஆக 2 லட்சம் ட்ரிப்புக்கு ஏறக்குறைய 35,000 கூடுதல்.

வழி ரெண்டு: அதே 9,600-ஐ ஒரு ஆர்.டி.யில போடுங்க. 6% வட்டின்னு வெச்சாலும் 22 மாசத்துல சுமார் 2,23,000 கையில இருக்கும். மேல சொன்ன மொத்த பட்ஜெட்டும் அடங்கிடுது. வட்டிக்கு வரி போனாலும் அடங்கிடும்.

கவனிச்சீங்களா? ரெண்டு வழியிலயும் மாசத்துக்கு உங்க பாக்கெட்ல இருந்து போறது ஒரே தொகை. ஒண்ணுல முதல்ல ட்ரிப், அப்புறம் ரெண்டு வருஷம் பயம். இன்னொண்ணுல ரெண்டு வருஷம் காத்திருப்பு, அப்புறம் ட்ரிப். வித்தியாசம் 35,000 வட்டி மட்டும் இல்ல. நடுவுல வீட்டுல ஒரு அவசரம் வந்தா ஆர்.டி.யை உடைக்கலாம். ட்ரிப் ஒரு வருஷம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். இஎம்ஐயை உடைக்க முடியாது. என் தம்பி கட்டின 38,000-க்கு அர்த்தம் இதுதான்.

22 மாசம்தான் கால அளவு, அதனால இந்தப் பணத்தை ஈக்விட்டி ஃபண்ட்ல போடாதீங்க. கிளம்புற வருஷம் மார்க்கெட் விழுந்தா விசா ஆபீஸ் உங்களுக்காகக் காத்திருக்காது. ஆர்.டி. போரடிக்கும். இந்த வேலைக்கு அந்த போர்தான் வேணும். போனஸ் வந்தா அதுல பாதியை இதுல தள்ளுங்க, 22 மாசம் 16 ஆகலாம்.

"நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கே"ன்னு ஒருத்தர் சொல்வீங்க. வட்டி இல்லைன்னே வெச்சுக்குவோம். அப்பவும் அடுத்த வருஷத்து சம்பளத்தை இந்த வருஷமே செலவு பண்றோம்ங்கிறது மாறல.

"வயசு போயிடும்ல?"

இந்தக் கேள்வி நியாயமானது. 26 வயசுல பனியில நிக்கிற சந்தோஷம் 46-ல அதே மாதிரி இருக்காது. கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன்னு வந்துட்டா ட்ரிப் கடைசி வரிசைக்குப் போயிடும். எங்க பெரியவங்க நிறைய பேர் "அப்புறம் பார்த்துக்கலாம்"னு சொல்லிச் சொல்லியே பக்கத்து மாநிலம் கூட பார்க்காம இருந்துட்டாங்க. அதனால "ரிட்டயர்மெண்டுக்கு சேருங்க, ட்ரிப் எல்லாம் வேண்டாம்"னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா நான் கேட்கிறது இருபது வருஷம் இல்ல, இருபத்திரண்டு மாசம். 26 வயசு 28 ஆகும், அவ்வளவுதான். அந்தப் பனி அங்கேயே இருக்கும். 1434-ல ஆரம்பிச்ச சந்தை இன்னும் ரெண்டு வருஷம் நடக்காதா என்ன?

ஒரே ஒரு நிபந்தனை. மூணு மாசச் செலவுக்காவது எமர்ஜென்சி பணம் தனியா இருக்கணும், வீட்டுல இருக்கிற பெரியவங்களுக்கும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இருக்கணும். இது ரெண்டும் இல்லாம ட்ரிப் ஆர்.டி. ஆரம்பிக்காதீங்க.

விசாவும் உங்க பாஸ்புக்கும்

ஷெங்கன் விசா கட்டணம் 2024 ஜூன்ல இருந்து 90 யூரோ. நிராகரிச்சா திரும்ப வராது. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், குறைஞ்சது 15 நாள் முன்னாடி கொடுத்தாகணும். நவம்பர் கடைசி ட்ரிப்புக்கு மே கடைசியிலயே கதவு திறந்திடும். ஆகஸ்டுக்குள்ள கொடுத்துடுங்க. எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுலதான் விண்ணப்பிக்கணும். சமமா இருந்தா முதல்ல நுழையுற நாடு. மேல சொன்ன ட்ரிப்ல வியன்னாவும் ப்ராக்கும் தலா மூணு ராத்திரி, முதல்ல நுழையுறது வியன்னா, அதனால ஆஸ்திரியா. மருத்துவ இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும்.

இங்கதான் மெதுவா சேர்த்ததோட இன்னொரு பலன் தெரியும். பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்பாங்க. விண்ணப்பிக்கிற வாரத்துல திடீர்னு ரெண்டு லட்சம் வந்து விழுந்த கணக்கு கேள்வியைக் கிளப்பும். மாசா மாசம் சம்பளம் வந்து, அதுல ஒரு பகுதி ஒழுங்கா சேமிப்புக்குப் போன கணக்கு, நீங்க பேசாமலே உங்களுக்காகப் பேசும்.

விசா கையில வர்ற வரைக்கும் கேன்சல் பண்ணக்கூடிய ரூம் மட்டும் புக் பண்ணுங்க.

அங்க காசு கசியுற இடங்கள்

ஒண்ணு, கார்டு. பல கிரெடிட் கார்டுகள்ல வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% வரைக்கும் மார்க்அப், அதுக்கு மேல ஜிஎஸ்டி. ஃபாரெக்ஸ் மார்க்அப் இல்லாத அல்லது கம்மியான கார்டா எடுத்துட்டுப் போங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ஆப்ல இன்டர்நேஷனல் யூசேஜை ஆன் பண்ணுங்க. மெஷின்ல "ரூபாயில கட்டறீங்களா?"ன்னு கேட்டா எப்பவும் வேண்டாம்னு சொல்லி அந்த ஊர் காசுலயே கட்டுங்க. ரூபாய்னு தொட்டா அவங்க வைக்கிறதுதான் ரேட்.

ரெண்டு, நோட்டு. ஜெர்மனி சந்தைகள்ல நிறைய கடைகள்ல கையில காசு கொடுத்தாகணும். ப்ராக்ல யூரோ இல்ல, கொருணா. அங்க முடிஞ்ச வரைக்கும் கார்டு, தேவைக்கு மட்டும் பேங்க் ஏடிஎம்.

மூணு, கோப்பை. சூடான பானம் வாங்கும்போது கோப்பைக்கும் சேர்த்து டெபாசிட் வாங்குவாங்க. திருப்பிக் கொடுத்தா காசு திரும்ப வரும். மது வேண்டாம்னா கிண்டர்புன்ஷ்னு கேளுங்க, சூடான பழச்சாறு. சைவம் சாப்பிடுறவங்க உருளைக்கிழங்கு அடை, சுட்ட கஷ்கொட்டைன்னு ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலயும் ஆஸ்திரியாவுலயும் சூப்பர் மார்க்கெட் பெரும்பாலும் பூட்டிடும், சனிக்கிழமையே பிரெட், தயிர், பழம் வாங்கி வெச்சுக்கோங்க.

நாலு, ஜெர்மனியோட மாதாந்திர டிக்கெட். 2026-ல 63 யூரோ. எல்லாரும் வாங்கச் சொல்வாங்க. ஆனா அது காலண்டர் மாசத்துக்கான சந்தா. நவம்பர் கடைசியும் டிசம்பர் ஆரம்பமும் சேர்ந்தா ரெண்டு மாசக் காசு. வேகமான ஐசிஇ ரயில்ல செல்லாது. பத்தாம் தேதிக்குள்ள ரத்து பண்ணலைன்னா அடுத்த மாசத்துக்கும் காசு எடுப்பாங்க. ரெண்டு நாள் நியூரம்பர்க்குக்கு அது தேவையே இல்ல.

அஞ்சு, டிசிஎஸ். ட்ராவல் கம்பெனி பேக்கேஜா எடுத்தா அதுக்கு மேல டிசிஎஸ் பிடிப்பாங்க. அது கூடுதல் செலவு இல்ல, ஐடிஆர்ல சரிக்கட்டலாம், இல்லைன்னா ஆபீஸ்ல சொல்லி சம்பள டிடிஎஸ்ல கழிச்சுக்கலாம். ஆனா அதுவரைக்கும் உங்க பணம் வெளியில இருக்கும், பட்ஜெட்ல அதுக்கு இடம் விடுங்க.

கடைசியா

என் லோன் 2024 டிசம்பர்ல முடிஞ்சது. முடிஞ்ச அடுத்த மாசமே அதே அஞ்சாம் தேதிக்கு, அதே 9,600-க்கு ஒரு ஆர்.டி. போட்டேன். ரெண்டு வருஷமா அந்தப் பணம் இல்லாம வாழப் பழகிட்டேன், அதனால வலிக்கவே இல்ல. இந்தத் தடவை டிக்கெட் எனக்கு மட்டும் இல்ல. கூட வரப்போறது தம்பி. நியூரம்பர்க் ரூம் செலவு என்னோடதுன்னு சொல்லிட்டேன்.

நீங்க இன்னைக்கே பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு. விமான டிக்கெட் தேடாதீங்க. பேங்க் ஆப்பைத் திறந்து ஒரு ஆர்.டி. போடுங்க, அதுக்கு உங்களுக்குப் பிடிச்ச ஊர் பேரை வைங்க. தொகை 9,600 முடியலையா, 4,000 போடுங்க, தேதி தள்ளிப் போகட்டும். முதல் தவணை போனதும் எந்த ஊர் பேர் வெச்சீங்கன்னு சொல்லுங்க. அடுத்த வீடியோவுல ஆர்.டி.யா, லிக்விட் ஃபண்டான்னு விரிவா பேசுவோம்.